சின்ன ஊர் பேண்டுக்குச் சென்னை எதற்கு? ஆர்.இ.எம். கதையிலிருந்து ஒரு பதில்

தஞ்சாவூரில் கல்லூரி படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "நாங்கள் நாலு பேர். கிடார், பேஸ், டிரம்ஸ், பாட்டு. சொந்தப் பாட்டு ஏழெட்டு இருக்கிறது. சென்னைக்குப் போனால்தான் ஏதாவது நடக்கும் என்கிறார்கள். ஆர்.இ.எம். என்ற அமெரிக்க ராக் பேண்டும் சின்ன ஊரிலிருந்து வந்ததுதான் என்று கேள்விப்பட்டேன். அவர்கள் எப்படித் தொடங்கினார்கள்? பின்னாளில் ஆல்பங்களை எப்படிச் செய்தார்கள்? எந்த ஆல்பத்தில் தொடங்கிக் கேட்பது?"

கும்பகோணம் பக்கத்தில் மைக் செட், மிக்ஸர் என்று பிழைக்கிறவன் நான். ஆர்.இ.எம். எனக்கு கேசட் காலத்துப் பழக்கம். சென்னைக்கு இப்போதே போக வேண்டாம் என்பதுதான் என் பதில். ஏன் என்பதற்கு அவர்கள் கதையையே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் தெற்கே ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்று ஓர் ஊர். பல்கலைக்கழகம் இருப்பதால் ஊர் இருக்கிறது என்று சொல்லலாம். பக்கத்துப் பெருநகரமான அட்லாண்டா நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அந்த ஊரில் ஒரு பழைய ரெக்கார்டு கடை. பீட்டர் பக் அங்கே கல்லாவில் வேலை பார்த்தார். ஓவியம் படிக்க வந்திருந்த மைக்கேல் ஸ்டைப் அடிக்கடி வருவார். பக் தனக்கென்று எடுத்து வைக்க நினைத்த ரெக்கார்டுகளையே இந்தப் பையன் வந்து வாங்கிக்கொண்டு போகிறான். இப்படித்தான் பழக்கம். மைக் மில்ஸும் பில் பெர்ரியும் மேக்கன் என்ற ஊர்க்காரர்கள். பள்ளியில் படிக்கும்போது முதலில் ஒருவரை ஒருவர் பிடிக்காது, பிறகு ஒன்றாக வாசிக்கத் தொடங்கி, பல்கலைக்கழகத்துக்கும் சேர்ந்தே வந்தார்கள். பேஸ் மில்ஸ், டிரம்ஸ் பெர்ரி, கிடார் பக், பாட்டு ஸ்டைப். உங்கள் நாலு பேரும் வாசிக்கிற அதே நாலு வேலை.

முதல் கச்சேரி 1980 ஏப்ரல் 5. குடியிருப்பாக மாற்றப்பட்ட ஒரு பழைய தேவாலயத்தில், தோழி ஒருவரின் பிறந்தநாள் விருந்து. அப்போது பேண்டுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. மற்றவர்கள் பாட்டு நிறைய, சொந்தப் பாட்டு கொஞ்சம். பெயரைப் பிறகு ஸ்டைப் அகராதியைப் புரட்டிக் கைக்கு வந்த பக்கத்திலிருந்து எடுத்தார். அந்தத் தேவாலயத்தை இடித்துவிட்டார்கள். கோபுரம் மட்டும் இன்னும் நிற்கிறது, ரசிகர்கள் போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். ஏதென்ஸ் வெற்று ஊர் இல்லை. இவர்களுக்கு முன்பே பி-52'ஸ் என்ற பேண்டு அங்கிருந்து கிளம்பி நாடறிந்திருந்தது. பைலான் என்று இன்னொரு நல்ல பேண்டும் இருந்தது. வாசிக்கச் சிறு அரங்குகள் இருந்தன, வாரக்கடைசியில் ஆடுவதற்கு மாணவர்கள் இருந்தார்கள். சின்ன ஊரில் ஆள் குறைவு என்றாலும் வந்த ஆளே திரும்பத் திரும்ப வருவார். ஒரே பாட்டைப் போன மாதம் எப்படி வாசித்தீர்கள், இந்த மாதம் எப்படி வாசிக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியும். பெரிய நகரத்தில் அந்தக் காது கிடைக்காது.

அப்புறம் ஊர் சுற்றல். ஜெஃபர்சன் ஹோல்ட் என்பவர் வட கரோலினாவில் இவர்கள் வாசித்ததைக் கேட்டு மயங்கி, ஏதென்ஸுக்கே குடிவந்து மேனேஜர் ஆனார். ஒரு பழைய நீல வேனை அவர் ஓட்ட, தெற்கு மாநிலங்கள் முழுக்க மதுக்கடை, சிற்றரங்கு என்று வாசித்தார்கள். சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2 டாலர். நம் ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் வாங்குகிற பேட்டாவைவிட மோசம்.

முதல் சிங்கிள், அதாவது தனிப்பாட்டு ரெக்கார்டு, 'ரேடியோ ஃப்ரீ யூரோப்', 1981. பதிவு நடந்த இடத்தைக் கவனியுங்கள்: மிட்ச் ஈஸ்டர் என்ற இசைக்கலைஞர் வட கரோலினாவில் தன் பெற்றோர் வீட்டு கார் ஷெட்டில் வைத்திருந்த ஸ்டுடியோ. வெளியிட்டது ஹிப்-டோன் என்ற குட்டி நிறுவனம், அதை நடத்தியவர் சட்டம் படித்துக்கொண்டிருந்த ஒருவர். முதலில் போட்டது 1,000 பிரதி. அது தீர்ந்து, இன்னும் ஆறாயிரம் போட வேண்டியதாயிற்று. நியூயார்க் டைம்ஸ் அந்த ஆண்டின் சிறந்த பத்து சிங்கிள்களில் ஒன்றாக அதைச் சேர்த்தது. கேட்டுப் பாருங்கள், ஸ்டைப் என்ன பாடுகிறார் என்று ஒரு வரிகூடத் தெளிவாகப் பிடிபடாது. ஆனாலும் பாட்டு போன பிறகும் மனதில் ஓடும்.

அடுத்த ஆண்டு ஐ.ஆர்.எஸ். என்ற நிறுவனம் ஒப்பந்தம் போட்டு 'க்ரானிக் டவுன்' என்ற ஐந்து பாட்டுத் தொகுப்பை வெளியிட்டது. முழு ஆல்பம் என்று வந்தபோதுதான் பிரச்சினை. நிறுவனம் ஸ்டீஃபன் ஹேக் என்ற தயாரிப்பாளரை அனுப்பியது. சினிமாவில் போல பணம் போடுகிறவர் இல்லை, பதிவை முன்னின்று நடத்துகிறவர். தாளம் கடிகாரம் போல நிற்க வேண்டும் என்று ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்தார். பெர்ரி நொந்துபோனார். பிறகு ஹேக் தன் இஷ்டத்துக்கு கீபோர்டும் சேர்த்துவிட்டார். நாலு பேருக்கும் பிடிக்கவில்லை. எங்களுக்கு ஈஸ்டர்தான் வேண்டும் என்று நின்றார்கள். நிறுவனம், ஒரு பாட்டைச் செய்து காட்டுங்கள் பார்ப்போம் என்றது. ஈஸ்டரும் டான் டிக்ஸன் என்ற இன்னொரு தயாரிப்பாளரும் சேர்ந்து அந்த ஒரு பாட்டைச் செய்து கொடுத்து, முழு ஆல்பத்துக்கும் அனுமதி வாங்கினார்கள்.

அதுதான் 'மர்மர்', 1983 ஏப்ரல். அந்தக் காலத்தில் எல்லாரும் போட்ட சின்தசைசர் இதில் கிடையாது, கிடார் சோலோ கிடையாது. ஸ்டைப் ஸ்டுடியோவின் பக்கத்தில் இருந்த மாடிப்படிக் கூண்டில் இருட்டில் நின்று பாடினார். மைக் பிடிக்கிற தொழிலில் இருப்பவன் என்பதால் இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பாடுகிறவருக்கு எங்கே கூச்சம் போகிறதோ அங்கே மைக்கை வைப்பதுதான் ஒலிப்பதிவாளர் வேலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாலு பேர் முறைத்துக்கொண்டிருக்கும்போது எல்லாருக்கும் பாட்டு வராது. அந்த ஆண்டு ரோலிங் ஸ்டோன் என்ற இசைப் பத்திரிகையின் விமர்சகர்கள் சிறந்த ஆல்பமாக 'மர்மர்' என்று சொன்னார்கள். மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' கொடிகட்டிப் பறந்த நேரம் அது. விற்பனை என்று பார்த்தால் 'மர்மர்' அந்த ஆண்டில் இரண்டு லட்சம் அளவுக்குத்தான் போனது. அதைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த நாலைந்து ஆண்டுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வருடத்துக்கு ஓர் ஆல்பம், நடுவில் ஓயாத பயணம். 1984-இல் 'ரெக்கனிங்', மறுபடி ஈஸ்டரும் டிக்ஸனும். 1985-இல் ஊரை விட்டு லண்டனுக்குப் போய் ஜோ பாய்டு என்ற தயாரிப்பாளரிடம் 'ஃபேபிள்ஸ் ஆஃப் த ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்' செய்தார்கள். குளிர், சாப்பாடு பிடிக்கவில்லை, பேண்டு உடைகிற நிலைக்கே போய்விட்டது. ஆல்பத்தில் அந்த இருட்டு இருக்கிறது. எனக்கு அதுவும் பிடிக்கும். 1986-இல் 'லைஃப்ஸ் ரிச் பேஜன்ட்' செய்த தயாரிப்பாளர் டான் கேமன், ஸ்டைப்பின் குரலைத் தெளிவாக முன்னால் கொண்டுவந்தார். நீ பாடுவது என்ன என்று எனக்கே புரியவில்லையே என்கிற ஆள் ஒருவர் சில சமயம் தேவைப்படுகிறார். 1987-இல் தயாரிப்பாளர் ஸ்காட் லிட்டோடு சேர்ந்து 'டாக்குமென்ட்'. அதிலிருந்த 'த ஒன் ஐ லவ்' அமெரிக்காவில் முதல் பத்துக்குள் வந்த அவர்களுடைய முதல் பாட்டு. கணக்குப் போட்டால், பிறந்தநாள் விருந்திலிருந்து அந்த இடத்துக்கு வர ஏழு வருஷம் ஆகியிருக்கிறது. 1988-இல் வார்னர் நிறுவனத்துக்கு மாறினார்கள். இசையில் நாங்கள் சொல்வதுதான் முடிவு என்ற உரிமையோடுதான் மாறினார்கள்.

இனி ஆல்பம் செய்த விதம். நீங்கள் கேட்டதில் கனமான பகுதி இதுதான்.

1989-இல் 'கிரீன்' ஆல்பத்துக்காக உலகம் சுற்றிக் களைத்துப்போய், இனிக் கொஞ்ச காலம் சுற்றுப்பயணமே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். ஐந்தாறு ஆண்டு பெரிய பயணம் எதுவும் போகவில்லை. அந்த இடைவெளியில் வந்தவைதான் 'அவுட் ஆஃப் டைம்' (1991), 'ஆட்டோமேட்டிக் ஃபார் த பீப்பிள்' (1992). அவர்களுடைய வேலை முறை இப்படி: பக், மில்ஸ், பெர்ரி மூவரும் ஏதென்ஸில் உட்கார்ந்து வார்த்தையே இல்லாமல் இசையை மட்டும் கட்டுவார்கள். டேப்பில் பதிந்து ஸ்டைப்பிடம் கொடுப்பார்கள். அவர் அதைக் கேட்டுக்கொண்டே திரிந்து மெட்டும் வரியும் எழுதி வருவார். சிலவற்றுக்கு வரி வரவே வராது. 'மேன் ஆன் த மூன்' பாட்டின் இசை முழுதாகத் தயாராகி, ஆல்பம் முடிகிற கடைசி நாட்கள் வரை வரி இல்லாமல் கிடந்தது. சியாட்டிலில் வாக்மேனை மாட்டிக்கொண்டு நடந்து நடந்துதான் ஸ்டைப் அதை எழுதி முடித்தார். மற்ற மூவரும் பொறுத்திருந்தார்கள்.

கிடாரும் பேஸும் டிரம்ஸுமாகவே வாசித்தால் கை பழகிய வழியில்தான் போகும் என்று பக்குக்குத் தோன்றியது. எல்லாரும் கருவிகளை மாற்றிக்கொண்டார்கள். பெர்ரி பேஸ் எடுத்தார், மில்ஸ் ஆர்கன் பக்கம் போனார், பக் ஒரு மாண்டலின் வாங்கினார். வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே மாண்டலின் பழகியபோது, ஓடிக்கொண்டிருந்த டேப்பில் விழுந்த ஒரு துண்டுதான் 'லூஸிங் மை ரிலிஜன்'. மாண்டலின் என்றால் நமக்கு யு. ஸ்ரீனிவாஸ் நினைவுக்கு வருவார், அந்த வித்தைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பக் வாசித்தது இப்போதுதான் கற்றுக்கொள்கிற ஆளின் மாண்டலின், அதன் தயக்கமே பாட்டுக்கு அழகாகிவிட்டது. ஒழுங்கான கோரஸ்கூட இல்லாத அந்தப் பாட்டு அமெரிக்காவில் நாலாவது இடம் வரை ஏறியது. அதன் வீடியோவை எடுத்தவர் பஞ்சாபில் பிறந்த தர்சேம் சிங். அதில் வருகிற சாமி படங்களைப் பார்த்தால் நம் டீக்கடை காலண்டர் ஞாபகம் வரும். வந்தால் சரிதான், அவர் அங்கிருந்துதான் எடுத்தார்.

கருவி மாற்றுவது தஞ்சாவூர்க்காரர்களுக்குப் புதிதும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுஸ்வாமி தீட்சிதரும் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் வெள்ளைக்காரன் வயலினை எடுத்துக் கர்நாடக சங்கீதத்தில் வாசித்துக் காட்டியிருக்காவிட்டால் இன்று கச்சேரி மேடையில் வயலினே இருக்காது. உங்கள் பேண்டில் ஒருவருக்கு வீட்டில் வீணையோ ஆர்மோனியமோ இருந்தால், அதை "ஃப்யூஷன்" என்று பெயர் ஒட்டாமல் சும்மா எடுத்து வாசித்துப் பாருங்கள். நன்றாக வாசிக்கத் தெரியாவிட்டால் இன்னும் நல்லது.

'ஆட்டோமேட்டிக் ஃபார் த பீப்பிள்' என்ற பெயர் ஏதென்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரரின் வாசகம். ஆல்பம் பெரிய பெரிய ஸ்டுடியோக்களில் பதிவானது, வயலின்களுக்கு லெட் ஸெப்பலின் என்ற பிரிட்டிஷ் ராக் பேண்டின் ஜான் பால் ஜோன்ஸ் இசைக்கோர்வை எழுதிக் கொடுத்தார். பெயர் மட்டும் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில். எனக்கு இந்த ஆல்பத்தில் மலைப்பு என்னவென்றால், எதை வாசிக்காமல் விட்டார்கள் என்பது. 'எவ்ரிபடி ஹர்ட்ஸ்' பாட்டின் பெரும்பகுதியை உருவாக்கியவர் டிரம்மர் பெர்ரி. அவரே அதில் தாளத்துக்கு ஒரு டிரம் மெஷினை ஓடவிட்டு ஒதுங்கிக்கொண்டார். தவில்காரர் அடங்கி நிற்கிற இடத்தில்தான் நாதஸ்வர ஆலாபனை எழும், நம் ஊர் காதுக்கு இதை விளக்க வேண்டாம்.

அந்தப் பாட்டின் கீழே பெயர் எப்படிப் போட்டார்கள் தெரியுமா? பெர்ரி, பக், மில்ஸ், ஸ்டைப். ஆங்கில அகர வரிசையில் நாலு பேர். பெர்ரி இருந்த காலம் முழுக்க அவர்கள் எழுதிய பாட்டுகள் எல்லாவற்றிலும் அப்படித்தான். யார் எவ்வளவு எழுதினாலும் நாலு பேருக்கும் சமபங்கு. எந்த முடிவுக்கும் நாலு பேரும் சம்மதிக்க வேண்டும், ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம். நம் ஆர்கெஸ்ட்ராக்களில் பாடகருக்கு ஒரு தொகை, கீபோர்டுக்கு ஒரு தொகை, பேட் வாசிக்கிறவருக்குக் கடைசியில் மிஞ்சியது. மேடைக்குப் பின்னால் விடியற்காலை இரண்டு மணிக்கு நடக்கிற சண்டைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாம் பங்குச் சண்டைதான். ஆர்.இ.எம். முப்பத்தொரு வருஷம் ஓடியதற்குத் திறமையைவிட இந்த ஏற்பாடுதான் காரணம் என்பது என் அபிப்பிராயம். திறமையுள்ள பேண்டுகள் எத்தனையோ மூன்றாவது ஆல்பத்தில் உடைந்திருக்கின்றன.

1994-இல் இரைச்சலான 'மான்ஸ்டர்' வந்தது, மறு வருஷம் மறுபடி பயணம். சுவிட்சர்லாந்தின் லோசான் நகர மேடையில் பெர்ரிக்கு மூளையில் இரத்தக்குழாய் வெடித்தது. பிழைத்து எழுந்து இரண்டு மாதத்தில் திரும்பி வந்து வாசித்தார். அதே பயணத்தில் மில்ஸுக்கும் ஸ்டைப்புக்கும்கூட அறுவை சிகிச்சை நடந்தது. இத்தனைக்கும் நடுவில், கச்சேரிக்கு முன் ஒலி சரிபார்க்கும் நேரத்திலும் மேடையிலும் புதுப் பாட்டுகளைப் பதிந்துகொண்டே போனார்கள். அப்படி வந்ததுதான் 'நியூ அட்வென்ச்சர்ஸ் இன் ஹை-ஃபை' (1996). சவுண்ட் செக்கை வீணாக்காதீர்கள் என்று நான் சொன்னால் பையன்கள் கேட்பதில்லை, இவர்கள் ஓர் ஆல்பமே எடுத்திருக்கிறார்கள்.

1997 அக்டோபரில் பெர்ரி விலகினார். சண்டை இல்லை. என்னால் பேண்டு உடையும் என்றால் இருந்துவிடுகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். போனவர் ஜார்ஜியாவில் வைக்கோல் பண்ணை வைத்து விவசாயம் பார்த்தார். உலகமே தெரிந்த டிரம்மர் வயலுக்குப் போனதை நம் பக்கத்து மிராசுதார் யாராவது கேட்டால், "நஷ்டத்துக்கா போனான்?" என்பார். மூன்று கால் நாயும் நாய்தான், வேறு மாதிரி ஓடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார் ஸ்டைப். மூவரும் டிரம் மெஷினை வைத்து 'அப்' (1998) செய்தார்கள். பேண்டு கிட்டத்தட்ட கலைந்தே போன பதிவு அது. நல்ல ஆல்பம், ஆனால் களைப்பு தெரியும்.

2004-இல் வந்த 'அரவுண்ட் த சன்' எல்லா வசதியும் இருந்தும் உயிரில்லாமல் போனதற்கு உதாரணம். சொந்தப் பாட்டுகளே அலுத்துப்போன ஆட்கள் வாசித்தது போல இருக்கிறது என்று பக்கே பின்னால் சொன்னார். அதிலிருந்து எப்படி மீண்டார்கள் என்பது உங்களுக்கு ரொம்ப உபயோகப்படும். 2007-இல் டப்ளினில் ஒரு பழைய அரங்கில் ஐந்து இரவு, பதிவு செய்யாத புதுப் பாட்டுகளை ஆட்களுக்கு முன்னால் வாசித்துப் பார்த்தார்கள். டிக்கெட் வாங்கி வந்தவர்களிடம் இது ஒத்திகைதான் என்று சொல்லியே வாசித்தார்கள். பிறகு சில வாரங்களில் பதிந்த 'ஆக்ஸலரேட்' (2008) வெறும் 34 நிமிஷம். கேட்டால் இருபத்தைந்து வயதுப் பையன்கள் என்று நினைப்பீர்கள். 2011-இல் 'கொலாப்ஸ் இன்டு நவ்', அதே ஆண்டு செப்டம்பர் 21-இல் நல்லபடியாகக் கலைந்தார்கள்.

சரி, டெல்டாவுக்கு வருவோம். திருச்சி, தஞ்சாவூர், திருவாரூர், சிதம்பரம் எல்லாவற்றிலும் பெரிய கல்வி நிறுவனங்கள் இருக்கின்றன. ஒரு ராத்திரியில் போய்த் திரும்பிவிடுகிற தூரம். ஆர்.இ.எம். நீல வேனில் அலைந்த தூரத்தோடு பார்த்தால் இது பக்கத்துத் தெரு. கல்லூரி விழாக்களில் அரை மணி நேரம் கேளுங்கள். கோயில் திருவிழாவில் சினிமாப் பாட்டு கேட்பார்கள், அதற்குக் கோபப்பட வேண்டாம். ஐந்து சினிமாப் பாட்டுக்கு நடுவில் ஒரு சொந்தப் பாட்டை அறிவிக்காமல் செருகுங்கள். பந்தலில் ஆட்கள் எழுந்து டீக்குப் போனால் பாட்டில் வேலை பாக்கி இருக்கிறது. பங்குனி, சித்திரையில் வாசியுங்கள், ஐப்பசி, கார்த்திகை மழையில் மேடை கிடையாது, அப்போது எழுதுங்கள்.

பதிவுக்கு வாடகை ஸ்டுடியோ வேண்டும் என்றில்லை. கும்பகோணம், திருவையாறு பக்கத்துப் பழைய வீடு ஒன்று நண்பர் குடும்பத்தில் இருக்கும். கூடத்தில் டிரம்ஸ் போடுங்கள், மரத்தூணும் உயரமான கூரையும் நல்ல ஒலி கொடுக்கும். ரேழியில் பாடகரை நிறுத்துங்கள், குரல் சுவரில் பட்டு நெருக்கமாகத் திரும்பும். முற்றத்தைப் படுதா போட்டு மூடாவிட்டால் காக்காய் முதல் குழம்பு தாளிக்கிற சத்தம் வரை ஏறிவிடும். ராத்திரிப் பதிவு என்றால் சம்பா நடவு முடிந்த மாதங்களைத் தவிர்க்கவும். வயலோரத்து வீட்டில் தவளைச் சத்தத்தை எந்த மென்பொருளாலும் முழுசாக எடுக்க முடியாது, முயன்றிருக்கிறேன். மின்சாரம் ஏறி இறங்கும், யு.பி.எஸ். இல்லாமல் கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள். பதிந்ததையெல்லாம் கலந்து சமன்செய்கிற கடைசி மிக்ஸிங்குக்கும், வெளியிடுவதற்கு முன் ஒலியை மெருகேற்றுகிற மாஸ்டரிங்குக்கும் மட்டும் சென்னை போய் வாருங்கள். அதற்குள் பாட்டு முழுக்கத் தயாராக இருந்தால் செலவு கையைக் கடிக்காது.

எதில் தொடங்கிக் கேட்பது என்ற கேள்விக்கு: முதலில் 'ஆட்டோமேட்டிக் ஃபார் த பீப்பிள்', ராத்திரி ஹெட்போனில். அடுத்து 'மர்மர்', வரி புரியவில்லை என்று பாடல் வரிகளைத் தேடாமல் ஒரு வாரம் கேளுங்கள், பேஸ் எங்கே ஓடுகிறது என்று உங்கள் பேஸ்காரரைக் கவனிக்கச் சொல்லுங்கள். பிறகு 'லைஃப்ஸ் ரிச் பேஜன்ட்', 'நியூ அட்வென்ச்சர்ஸ்', 'ஆக்ஸலரேட்'. 'அவுட் ஆஃப் டைம்' பாதி அற்புதம், 'ஷைனி ஹாப்பி பீப்பிள்' வரும்போது தாண்டிப் போனால் பாவமில்லை. 'அரவுண்ட் த சன்' ஆல்பத்தை மற்றதெல்லாம் தீர்ந்த பிறகு கேட்டால் போதும்.